வாக்களிப்பதைச் சட்டக் கடமையாக்கலாமா? உள்ளாட்சித் தேர்தலில் தொடங்கலாம் என்பது என் கருத்து

காவிரிக்கரையான் எழுதியது:

2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் சென்னை மாநகராட்சியில் பதிவான வாக்குகள் சுமார் 43 சதவீதம் மட்டுமே. தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், சொத்து வரி ஆகியவற்றை முடிவு செய்யும் மாமன்றத்தை வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பலமுனைப் போட்டி நடந்த வட்டங்களில், வென்றவருக்குக் கிடைத்த வாக்குகளை மொத்த வாக்காளர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், ஐந்தில் ஒருவரின் ஒப்புதலை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் ஐந்தாண்டுகள் பதவியில் இருக்க முடியும் என்பது விளங்கும். 2024 மக்களவைத் தேர்தலிலும் தருமபுரி 81 சதவீதத்தைத் தாண்டியபோது மத்திய சென்னையும் தென் சென்னையும் 54 சதவீதத்தை ஒட்டியே நின்றுவிட்டன.

விழிப்புணர்வுப் பேரணி, கோலப் போட்டி, நடிகர்களின் காணொளி எல்லாவற்றையும் செய்து பார்த்தாகிவிட்டது. ஆகவே என் முன்மொழிவு இதுதான்: முதலில் உள்ளாட்சித் தேர்தலில் மட்டும் வாக்களிப்பதைக் கடமையாக்கி, தகுந்த காரணமின்றி வராதவருக்குச் சிறிய அபராதம் விதிக்கலாம். குறிப்பிட்ட ஒருவருக்கு வாக்களிக்குமாறு யாரையும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. எவரையும் பிடிக்காதவர் அதைப் பதிவு செய்ய நோட்டா இருக்கிறது. வரி கட்டுவதையும் நீதிமன்ற அழைப்பாணைக்கு வருவதையும் கடமையாக ஏற்றுக்கொண்ட நாம், ஐந்தாண்டுக்கு ஒரு முறை வாக்குச்சாவடி வரை நடப்பதை மட்டும் சுமை என்று ஏன் சொல்ல வேண்டும்?

நீதிமன்றச் சாலை எழுதியது:

நண்பர் காவிரிக்கரையான் உள்ளாட்சியோடு நிறுத்திக்கொண்டது சட்ட நோக்கில் பொருத்தமானது. அரசியலமைப்பில் மாநிலங்கள் சட்டம் செய்யக்கூடிய துறைகளைச் சொல்லும் மாநிலப் பட்டியலில் உள்ளாட்சி இருப்பதால், சட்டமன்றம் நினைத்தால் இப்படியொரு சட்டம் இயற்ற இடமுண்டு. மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் அந்த வாய்ப்பு இல்லை. 1951 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 79ஆம் பிரிவில் ‘தேர்தல் உரிமை’ என்பதை வரையறுக்கும்போதே வாக்களிக்கும் உரிமையோடு வாக்களிக்காமல் விலகியிருக்கும் உரிமையையும் சேர்த்தே சொல்கிறது. நாடாளுமன்றம் அதைத் திருத்தாத வரையில் பொதுத்தேர்தலில் கட்டாயம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

குஜராத் இந்த வழியில் வெகுதூரம் போய்விட்டு நின்றது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 2009 இல் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தும் முன்வரைவு அங்கே நிறைவேறியது. ஆளுநர் கமலா பெனிவால் அதைத் திருப்பி அனுப்பினார். 2011 இல் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. ஆளுநர் மாறிய பின், 2014 நவம்பரில் ஓ.பி. கோலி ஒப்புதல் தந்தார். 2015 இல் விதிகள் வந்து அபராதம் 100 ரூபாய் என்று முடிவானது. அதே ஆண்டு ஆகஸ்டில் குஜராத் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2015 மார்ச்சில், நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் கட்டாய வாக்களிப்பு வேண்டாம் என்றே பரிந்துரைத்திருந்தது. 1990 இல் தினேஷ் கோஸ்வாமி குழுவும் நடைமுறைச் சிக்கல்களைக் காரணம் காட்டி இதை ஒதுக்கியது.

நோட்டா பற்றி ஒரு சொல். பழைய 49ஓ விதிப்படி, வாக்களிக்க விரும்பாதவர் சாவடிக்கு வந்து பதிவேட்டில் கையெழுத்திட்டு, தான் வாக்களிக்கவில்லை என்று அலுவலர் முன்னிலையில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அதில் இரகசியம் காக்கப்படவில்லை என்பதுதான் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கின் மையம். 2013 செப்டம்பர் 27 அன்று, ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு நோட்டா பொத்தானுக்கு உத்தரவிட்டது. வாக்களிக்காதிருப்பதும் கருத்து வெளிப்பாட்டின் ஒரு வடிவமே என்ற சிந்தனை அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. நோட்டாவைக் காட்டிக் கட்டாயத்தை நியாயப்படுத்துவோர், நோட்டா எந்தத் தீர்ப்பிலிருந்து வந்ததோ அந்தத் தீர்ப்பின் அடிப்படையையே எதிர்க்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சாவடி ஆசிரியை எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒரு சிறு தகவலையும் சேர்க்கிறேன். 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின்போது தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு இயந்திரத்தில் நோட்டா பொத்தான் இல்லை. மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்தும் தேர்தலுக்கான விதிகளில் அது சேர்க்கப்பட்டிருக்கவில்லை. எனவே கட்டாயத்தைத் தொடங்க நீங்கள் தேர்ந்தெடுத்த தேர்தலில்தான், யாரையும் பிடிக்காதவருக்கு இரகசியமாக அதைச் சொல்ல வழியில்லை.

காவிரிக்கரையான் எழுதியது:

அந்தப் பொத்தானைச் சேர்க்க வேண்டும் என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. கட்டாயச் சட்டம் வந்தால் அதோடு சேர்ந்தே நோட்டாவும் வந்தாக வேண்டும். ஆனால் நீதிமன்றச் சாலை அவர்களின் கடைசி வாக்கியத்தை ஏற்க இயலவில்லை. இரகசியமாக மறுக்கும் வசதி கிடைத்த பிறகு, வீட்டில் இருந்து மறுப்பதற்குத் தனிப் பாதுகாப்பு எதற்கு? ஆஸ்திரேலியாவில் நூறு ஆண்டுகளாக நடப்பதை இங்கே நடத்த முடியாதா?

மெல்பர்ன் தமிழரசி எழுதியது:

ஆஸ்திரேலியாவை எல்லோரும் 20 டாலர் அபராதத்தை வைத்தே பேசுகிறார்கள். அபராதம் அங்கே கடைசியில் வரும் ஒரு சிறு உறுப்பு. அதற்கு முன்னால் உள்ளவற்றை வரிசையாகச் சொன்னால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

பட்டியலில் பெயர் சேர்ப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் 1911 இலேயே வந்துவிட்டது. மாநிலங்களில் குயின்ஸ்லாந்து 1915 இல் வாக்களிப்பதைக் கட்டாயமாக்கியது. 1922 கூட்டாட்சித் தேர்தலில் பங்கேற்பு 60 சதவீதத்தைக்கூட எட்டாத நிலையில், தாஸ்மேனியாவைச் சேர்ந்த செனட் உறுப்பினர் ஹெர்பர்ட் பெய்ன் 1924 இல் ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். பெரிய எதிர்ப்பின்றி அது நிறைவேறியது. 1925 இல் பங்கேற்பு 91 சதவீதம் ஆனது. சட்டம் பலன் தந்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பக்கபலமாக அரசு என்னென்ன செய்கிறது என்று பாருங்கள். தேர்தல் எப்போதும் சனிக்கிழமைதான் நடக்கிறது. உங்கள் மாநிலத்துக்குள் எந்த ஊரின் வாக்குச்சாவடிக்குப் போனாலும் உங்கள் தொகுதிக்கான வாக்குச்சீட்டைத் தருவார்கள். முன்கூட்டியே வாக்களிக்கலாம், அஞ்சலில் அனுப்பலாம். மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்கும் தொலைதூரப் பூர்வகுடிக் குடியிருப்புகளுக்கும் நடமாடும் சாவடிக் குழுக்கள் போகின்றன. தேர்தல் நாளில் வெளிநாட்டில் இருந்தால் அபராதம் கிடையாது. மத நம்பிக்கை காரணமாக விலகியிருப்பதையும் சட்டமே தகுந்த காரணமாக ஏற்கிறது. (சாவடி வாசலில் பள்ளிப் பெற்றோர் சங்கத்தார் சுட்டு விற்கும் சாசேஜ் பற்றி நான் சொல்லாவிட்டால் என் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள். அங்கே அது தேர்தலின் அடையாளமாகவே ஆகிவிட்டது.)

கறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. பூர்வகுடி மக்கள் அனைவருக்கும் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை 1962 இல்தான் கிடைத்தது. அவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே கட்டாயம் என்பது 1984 இல் வந்தது. செல்லாத வாக்குகள் 5 சதவீத அளவில் விழுகின்றன. வேட்பாளர் பெயர்களை மேலிருந்து கீழாக 1, 2, 3 என்று எண்ணிட்டுவிட்டுப் போகும் பழக்கத்துக்குக் ‘கழுதை வாக்கு’ என்றே பெயர். அதற்காகத்தான் பெயர் வரிசையைக் குலுக்கல் மூலம் முடிவு செய்கிறார்கள். 2022 இல் பங்கேற்பு, கட்டாயம் வந்த பிறகு முதல் முறையாக 90 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியது.

வீட்டில் இருந்து மறுப்பதற்குத் தனிப் பாதுகாப்பு எதற்கு என்று காவிரிக்கரையான் ஐயா கேட்ட கேள்விக்கு 1926 இல் அங்கே ஒரு விடை கிடைத்தது. ஜட் என்ற சோஷலிஸ்ட், நிற்கும் வேட்பாளர்கள் எல்லோரும் முதலாளித்துவத்தைக் காப்பவர்கள் என்பதால் வாக்களிக்கவில்லை என்று வாதாடினார். அது தகுந்த காரணம் ஆகாது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 2013 இல் சென்ற திசைக்கு இது நேர் எதிர்.

புளியந்தோப்பு எழுதியது:

சென்னையின் 43, 54 என்ற எண்களை வைத்துத்தான் இந்த இழையே தொடங்கியிருக்கிறது. அந்த எண்களின் கீழே இருக்கும் பட்டியலைப் பற்றி யாரும் பேசவில்லை. 2025 இறுதியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியலிலிருந்து 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீங்கின. இறந்தவர், இடம் பெயர்ந்தவர், இரட்டைப் பதிவு என்று காரணம் சொன்னார்கள். நீக்கம் மிக அதிகமாக இருந்த மாவட்டம் சென்னை. அந்த நீக்கங்களில் எத்தனை சரி, எத்தனை தவறு என்ற சண்டை தனி. ஆனால் பெரும்பகுதி சரியானவை என்று வைத்துக்கொண்டாலும், 2022 இலும் 2024 இலும் ‘வாக்களிக்காத சென்னைக்காரர்’ என்று நாம் திட்டித் தீர்த்தவர்களில் கணிசமானோர் அந்த முகவரியில் இல்லாதவர்கள் என்றுதான் பொருள். சிலர் உயிரோடே இல்லை. அவர்களுக்கு எப்படி அபராதம் போடுவீர்கள்?

எங்கள் பக்கத்தில் கண்ணப்பர் திடலிலிருந்தும் கரையோரக் குடிசைகளிலிருந்தும் பெரும்பாக்கம், எழில் நகர் என்று கொண்டுபோய் விடப்பட்ட குடும்பங்கள் பல. அவர்களில் பலருக்குப் பெயர் பழைய இடத்திலும் வாழ்க்கை 30 கிலோமீட்டர் தள்ளியும் இருக்கிறது. அன்றைய கூலியையும் விட்டு, பேருந்துக்கும் செலவழித்து வந்து வாக்களித்தவர்கள் அவர்களில் உண்டு. வராதவர்களை அலட்சியக்காரர்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அவிநாசி சாலை எழுதியது:

வேலை நாள் பற்றியும் சொல்ல வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, வாக்குப்பதிவு நாளில் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்கிறது. தராத முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை. பின்னலாடைத் தொழிலில் ஏற்றுமதி ஆர்டர் முடிக்க வேண்டிய வாரத்தில் 500 ரூபாய் யாருக்குப் பொருட்டு? துண்டுக் கணக்கில் கூலி வாங்குபவருக்குச் ‘சம்பளத்தோடு விடுமுறை’ என்பதே கிட்டத்தட்ட இல்லை. வாக்களிக்காதவருக்கு 100 ரூபாய் என்று எழுதும் கை, வாக்களிக்க விடாதவருக்கு எவ்வளவு என்பதை முதலில் எழுதட்டும்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே தைப்பவர்களுக்குப் பெயர் சொந்த ஊர்ப் பட்டியலில். தேர்தலுக்கு ஊர் போய்த் திரும்ப ஒரு வாரக் கூலி போய்விடும். வெளி மாநிலத்தில் இருந்தபடியே வாக்களிக்கத் தொலைநிலை வாக்குப்பதிவு இயந்திரத்தின் மாதிரி ஒன்றைத் தேர்தல் ஆணையம் கட்சிகளிடம் காட்ட முனைந்தது. அது அப்படியே நிற்கிறது.

காவிரிக்கரையான் எழுதியது:

இடம்பெயர்ந்த தொழிலாளிக்கு விலக்கு அளிப்பதில் யாருக்கும் தயக்கம் இருக்காது. குஜராத் சட்டமே நோயாளிக்கும் அன்று மாநிலத்தில் இல்லாதவருக்கும் விலக்கு தந்தது. நான் பேசுவது வாக்குச்சாவடி நடக்கும் தூரத்தில் இருந்தும், அன்று விடுமுறை இருந்தும், வெயிலைக் காரணம் சொல்லி வராதவர்களைப் பற்றி. அடுக்குமாடி வளாகங்கள் நிறைந்த வட்டங்களில் அவர்கள் இருக்கிறார்கள், புளியந்தோப்பு நண்பரும் அறிவார். அவர்கள் வாக்களிக்காதபோதும் ஆணையரிடம் பேசி வேலையை முடித்துக்கொள்ளும் வழி அவர்களுக்குத் தெரியும். மாமன்ற உறுப்பினரை நம்பி இருக்க வேண்டிய ஏழைக்குத்தான் அந்த அலட்சியத்தின் விலை போய்ச் சேர்கிறது.

அரசறிவியல் மாணவன் எழுதியது:

ஐயா அறிந்தோ அறியாமலோ தொட்டிருக்கும் புள்ளிதான் இந்த விவாதத்தின் முடிச்சு. மேற்கத்திய அறிஞர்கள் கட்டாய வாக்களிப்பை ஆதரித்ததற்கு முக்கியக் காரணம், விருப்பத்துக்கு விட்டால் ஏழைகளும் படிப்பு குறைந்தவர்களும் இளைஞர்களும் ஒதுங்கிவிட, வசதியுள்ளோரின் குரலே ஓங்குகிறது என்பது. அரென்ட் லைபார்ட் 1990களில் இந்த வாதத்தை மிக வலுவாக முன்வைத்தார். இந்தியாவில் நிலைமை தலைகீழ். யோகேந்திர யாதவ் போன்றோர் அதே 1990களிலிருந்தே சுட்டிக்காட்டி வருவதுபோல, இங்கே நகரத்தைவிடக் கிராமமும், வசதியுள்ளவரைவிட எளியவரும் குறைவின்றி, பல தேர்தல்களில் கூடுதலாகவே வாக்களிக்கிறார்கள். தருமபுரியையும் மத்திய சென்னையையும் அருகருகே வைத்தால் வேறு சான்று வேண்டியதில்லை. எனவே ஆஸ்திரேலியாவிலும் பெல்ஜியத்திலும் எளியவரின் பக்கம் சாய்ந்த அதே சட்டம், தமிழ்நாட்டின் மாநகரங்களில் நடுத்தர வர்க்கத்தை உள்ளே இழுக்கும் சட்டமாகவே வேலை செய்யும். அது தவறு என்று நான் சொல்லவில்லை. அதன் விளைவு யாருக்குச் சாதகம் என்பதைத் தெரிந்துகொண்டு ஆதரிக்க வேண்டும் என்கிறேன்.

சட்டம் மாறினால் முடிவே மாறும் என்பதற்குச் சிலி நல்ல பாடம். அங்கே 2012 இல் கட்டாயத்தை நீக்கினார்கள். அடுத்த ஆண்டு அதிபர் தேர்தலில் பாதிப் பேர்கூட வரவில்லை. 2020 இல் புதிய அரசியலமைப்பு வேண்டுமா என்று கேட்டபோதும் 51 சதவீத அளவிலேயே வந்தார்கள், வந்தவர்களில் பெரும்பான்மையினர் வேண்டும் என்றார்கள். 2021 இல் அரசியலமைப்பு மன்றத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் 43 சதவீதம்தான். அந்த மன்றம் எழுதிய வரைவை 2022 செப்டம்பரில் மக்கள் முன் வைத்தபோது மட்டும் வாக்களிப்பதைக் கட்டாயமாக்கினார்கள். சுமார் 86 சதவீதம் பேர் வந்தார்கள், 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். விரும்பி வந்தவர்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் வேலையை, வரவழைக்கப்பட்டவர்களும் சேர்ந்து நிராகரித்தார்கள். இவ்விரண்டில் எதை மக்களின் உண்மையான குரல் என்பது? நான் பல முறை யோசித்தும் எனக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை.

மறுபக்கம், கட்டாயம் நீங்கினால் பழக்கம் தானாகத் தொடரும் என்ற நம்பிக்கையும் வீண். நெதர்லாந்து 1970 இல் கட்டாயத்தைக் கைவிட்டது. 1967 இல் 95 சதவீதமாக இருந்த பங்கேற்பு அடுத்த பொதுத்தேர்தலில் 79 ஆனது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் கட்டாயத்தை நீக்கிய பின், 2024 இல் மூன்றில் இரண்டு பங்கினர்கூட வரவில்லை. அங்கேயும் முதலில் வெளிறிப்போனது உள்ளாட்சித் தேர்தல்தான் என்பதைக் காவிரிக்கரையான் ஐயா தன் பக்கத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.

பாலாற்றுப் படுகை எழுதியது:

ஏகனாபுரத்தை யாரும் இன்னும் சொல்லவில்லையே. பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து ஆண்டுக்கணக்காகப் போராடிய ஊர். 2024 மக்களவைத் தேர்தலை அந்த ஊர் கூடிப் பேசிப் புறக்கணித்தது. மிகச் சிலரே வாக்களித்தார்கள். மனு கொடுத்து, கிராம சபையில் மீண்டும் மீண்டும் தீர்மானம் போட்டு, உண்ணாவிரதம் இருந்து பார்த்தவர்களின் கையில் மிஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான். காலியான வாக்குச்சாவடியைப் படமெடுக்கத் தொலைக்காட்சிகள் வந்தன, மாவட்டமே திரும்பிப் பார்த்தது. எல்லோரும் போய் நோட்டாவை அழுத்தியிருந்தால், தொகுதி மொத்தக் கணக்கில் அது கரைந்து காணாமல் போயிருக்கும். உங்கள் சட்டம் அந்த ஊரின் ஒவ்வொருவருக்கும் ஒரு அபராதச் சீட்டை அனுப்பும்.

உசிலை மேற்கு எழுதியது:

புறக்கணிப்பு எப்போதும் எளியவரின் கருவியாகவே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996 இல் பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்டபோது, ஆதிக்கச் சாதியினர் பத்தாண்டுகள் அங்கே தேர்தலை நடக்கவிடவில்லை. யாரும் மனுத் தாக்கல் செய்யாதபடி பார்த்துக்கொண்டார்கள். மனுச் செய்து வென்றவரைப் பதவியேற்ற கையோடு விலக வைத்தார்கள். அந்த ஊர்களிலும் ‘ஊர் கூடி எடுத்த முடிவு’ என்றுதான் சொன்னார்கள். 2006 அக்டோபரில்தான், அரசும் மாவட்ட நிர்வாகமும் உறுதியாக நின்றதால், முறையான தேர்தல் நடந்தது.

இதைக் கட்டாய வாக்களிப்புக்கு ஆதரவாகவும் நான் சொல்லவில்லை. வேட்பாளரே இல்லாத இடத்தில் வாக்காளருக்கு அபராதம் போட்டு என்ன பயன்? ஊர்க் கட்டுப்பாடு யார் மேல் விழுந்தது, அதை உடைக்க அரசு எப்போது கை நீட்டியது என்பதே அங்கே கேள்வியாக இருந்தது.

வலிகாமம் எழுதியது:

இலங்கையிலிருந்து இதை வாசிக்கும் எனக்கு 2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் நினைவுக்கு வருகிறது. புலிகளின் புறக்கணிப்பு அழைப்பை மீறி வாக்களிக்கும் துணிவு பெரும்பாலானோருக்கு இருக்கவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் 1.2 சதவீதம். மகிந்த ராஜபக்ச 50.29 சதவீதம் பெற்று, ரணில் விக்கிரமசிங்கவை விடச் சுமார் 1,80,000 வாக்குகள் கூடுதலாக எடுத்து வென்றார். யாழ்ப்பாணத்தில் வழக்கம்போல வாக்களிப்பு நடந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை.

இதற்கு முன்னரும் ஒரு புறக்கணிப்பு உண்டு. பிரித்தானியர் கொண்டுவந்த டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயாட்சி தரவில்லை என்று சொல்லி 1931 அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்குமாறு யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் அழைத்தது. வடக்கின் தொகுதிகள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. சர்வசன வாக்குரிமை கிடைத்த முதல் தேர்தலே அப்படிப் போனது. முதலாவது புறக்கணிப்பு இளைஞர்கள் நம்பிச் செய்த அரசியல், இரண்டாவது அச்சத்தில் நிகழ்ந்தது. வெளியிலிருந்து பார்க்கும் அதிகாரிக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். துவக்கு (துப்பாக்கி) ஒருபுறம், அபராதச் சட்டம் மறுபுறம் என்று ஆகியிருந்தால் 2005 இல் எங்கள் சனம் எங்கே போயிருக்கும்?

சிராங்கூன் வாசகர் எழுதியது:

சிங்கப்பூரில் 1959 முதல் வாக்களிப்பு கட்டாயம். வாக்களிக்காதவரின் பெயரை வாக்காளர் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடுவார்கள். மீண்டும் சேரும் வரை வாக்களிக்கவும் முடியாது, வேட்பாளராக நிற்கவும் முடியாது. தகுந்த காரணம் இருந்தால் கட்டணமின்றிச் சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வாக்களிப்பு நாள் பொது விடுமுறை, சாவடி வீட்டுக்கு அருகிலேயே இருக்கும், பங்கேற்பும் 90 சதவீதத்துக்கு மேல்.

ஆனாலும் தஞ்சோங் பகார் குழுத்தொகுதியில் (பல உறுப்பினர்கள் ஓர் அணியாகத் தேர்வாகும் தொகுதி) 1991 முதல் 2011 வரை ஐந்து பொதுத்தேர்தல்களிலும் போட்டியே இல்லை. அங்கே குடியிருந்த ஒருவர், வாக்களிப்பு கட்டாயமான நாட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பொதுத்தேர்தலில் வாக்களிக்காமலேயே இருந்திருக்க முடியும். 2015 இல்தான் எல்லாத் தொகுதிகளிலும் போட்டி வந்தது. சூரத் மக்களவைத் தொகுதியில் 2024 இல் போட்டியின்றி ஒருவர் தேர்வானபோது இது எனக்கு நினைவுக்கு வந்தது.

புளியந்தோப்பு எழுதியது:

வாக்களிக்காததற்குத் தண்டனை இனி வாக்களிக்க முடியாது என்பது! எங்கள் வளாகத்தில் சிலர் 50 வெள்ளியைக் கூடுதலாகக் கட்டியே அந்தத் தண்டனையை வாங்கிக்கொள்வார்கள்.

காவிரிக்கரையான் எழுதியது:

பணத்தைப் பற்றி யாரும் பேசாததால் நான் சொல்கிறேன். ஆட்களைச் சாவடிக்கு இழுத்து வரும் செலவு என்று ஒன்று இருப்பதால்தான் கட்சிகள் பண விநியோகத்தில் இறங்குகின்றன. எல்லோரும் எப்படியும் வருவார்கள் என்றால் அந்தத் தேவை குறையும்.

நீதிமன்றச் சாலை எழுதியது:

தமிழ்நாட்டின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. 2009 ஜனவரியில் திருமங்கலம் இடைத்தேர்தலில் 89 சதவீத அளவுக்கு வாக்குகள் பதிவாயின. பங்கேற்பை மட்டும் பார்ப்பவர் அதை ஜனநாயகத் திருவிழா என்று பாராட்டக்கூடும். வாக்குக்குப் பணம் கொடுக்கும் முறைக்குத் ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்ற பெயர் நிலைத்தது நம் எல்லோருக்கும் தெரியும். 2016 இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகரிலும், 2019 இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலையே ரத்து செய்ய வேண்டியிருந்தது. இங்கே விலை கொடுப்பது சாவடிக்கு வருவதற்காக அல்ல, குறிப்பிட்ட சின்னத்தை அழுத்துவதற்காக. அரசியலில் ஆர்வமே இல்லாதவரும் அபராதத்துக்கு அஞ்சி வரப்போகிறார் என்று தெரிந்தால், அவரது வாக்கையும் வாங்கலாமே என்று முகவர் கணக்குப் போடுவார். சந்தை பெரிதாகும் என்பதே என் அச்சம்.

சாவடி ஆசிரியை எழுதியது:

சட்டம் பேசுவோர் எல்லோரும், வராதவர் யார் என்பது தானாகத் தெரிந்துவிடும் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் வந்தவரின் கையெழுத்தை வாங்கும் 17ஏ பதிவேட்டை வாக்குப்பதிவு முடிந்ததும் உறையிட்டு முத்திரை வைக்கிறோம். நீதிமன்ற ஆணையின்றி அதைத் திறக்கக் கூடாது. அபராதம் போட வேண்டுமானால் வந்தவர் பட்டியலைத் திறந்து, வராதவர் பட்டியலைத் தயாரித்து, ஏதோ ஓர் அலுவலகத்தின் மேசையில் வைக்க வேண்டும். அந்தப் பட்டியல் ஒன்றியச் செயலாளரின் கைக்கும் வட்டச் செயலாளரின் கைக்கும் போகாமல் இருக்கும் என்று உறுதி சொல்ல யாரால் முடியும்? ஏகனாபுரம் போன்ற ஓர் ஊரில் அது வெறும் அபராதப் பட்டியலாக இருக்காது.

அளவையும் எண்ணிப் பாருங்கள். 2024 இல் நாடெங்கும் பட்டியலில் இருந்தவர்கள் 96 கோடிக்கும் மேல், வாக்களித்தவர்கள் 64 கோடி அளவில். சென்னை மாநகராட்சியை மட்டும் எடுத்தாலும் வராதவர்களுக்கு லட்சக்கணக்கில் அறிவிப்பு அனுப்பி, விளக்கம் வாங்கி, காரணத்தைச் சரிபார்த்து, மேல்முறையீட்டையும் கேட்க வேண்டும். தேர்தல் பணிக்குப் போன எங்களுக்கே படிவம் 12 கொடுத்தும் அஞ்சல் வாக்கு உரிய நேரத்தில் கைக்கு வராமல் போவதுண்டு. அப்போது நாங்களும் தவறிய வாக்காளர்களா?

மெல்பர்ன் தமிழரசி எழுதியது:

இந்தக் கேள்விக்கு ஆஸ்திரேலிய நடைமுறை ஓரளவு விடை தருகிறது. முதலில் ஒரு கடிதம் வரும். காரணத்தை எழுதி அனுப்பலாம், அல்லது 20 டாலரைக் கட்டிவிடலாம். இரண்டையும் செய்யாதவர்தான் நீதிமன்றம் வரை போக நேரும். ஆனால் அந்தக் கடிதம் சரியான வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குக் காரணம் வேறு. 2012 முதல், மற்ற அரசுத் துறைகளின் பதிவுகளை வைத்துத் தேர்தல் ஆணையமே முகவரியை மாற்றிக்கொண்டு வாக்காளருக்குத் தகவல் சொல்லிவிடுகிறது.

நீதிமன்றச் சாலை எழுதியது:

அங்கேதான் காவிரிக்கரையான் ஐயாவின் திட்டம் இடறும். தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியல் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலிலிருந்தே எடுக்கப்படுகிறது. அதைத் தயாரித்துத் திருத்தும் அதிகாரம் இந்தியத் தேர்தல் ஆணையத்திடம் இருக்கிறது, உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். மாநிலச் சட்டமன்றம் அபராதத்துக்குச் சட்டம் செய்யலாம். ஆனால் யாருக்கு அபராதம் போக வேண்டும் என்று சொல்லும் பட்டியலைத் திருத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. முகவரி மாறியவரைத் தேடிப் போய்ச் சேர்க்கும் கடமையை மாநிலம் ஏற்க விரும்பினாலும் சட்டம் அதற்கு முழுமையாக இடம் தராது. பட்டியலில் உள்ள பிழைக்கு வேறோர் அமைப்பு பொறுப்பாக இருக்கும்போது, அந்தப் பிழையின் பேரில் குடிமகனைத் தண்டிக்கும் சட்டம் நீதிமன்றத்தில் எவ்வளவு நாள் நிற்கும் என்பதைக் குஜராத்தைப் பார்த்தே ஊகிக்கலாம்.

காவிரிக்கரையான் எழுதியது:

அப்படியானால் முன்வரைவின் முதல் பிரிவு பட்டியலைப் பற்றியதாகவே இருக்கட்டும். உள்ளாட்சிக்கு மாநிலத் தேர்தல் ஆணையமே தனிப் பட்டியல் தயாரிக்க வேண்டும், இடம் மாறியவரின் பெயரை அது தானே மாற்ற வேண்டும் என்று எழுதுகிறேன். நோட்டா பொத்தானும், விடுமுறை தராத நிறுவனத்துக்கு 500 ரூபாயைவிடப் பல மடங்கு அபராதமும் அடுத்த பிரிவுகளில் வரும். வராதவர் பட்டியலை வெளியிடுவது குற்றம் என்பதையும் சேர்க்கிறேன். ஒரு முழுத் தேர்தல் சுற்று இந்த ஏற்பாடுகளோடு நடந்த பிறகும் வராதவருக்கான அபராதப் பிரிவை மட்டும் நான் நீக்கப் போவதில்லை. அதை எதிர்ப்பவர்கள் அப்போதும் எதிர்க்கலாம்.

பாலாற்றுப் படுகை எழுதியது:

எதிர்ப்போம் ஐயா. கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி முன்கூட்டியே அறிவித்த ஊருக்கு விலக்கு என்றும் ஒரு பிரிவு எழுதுங்கள். இல்லாவிட்டால் மற்ற பிரிவுகள் எல்லாம் சரியாக இருந்தாலும் எங்கள் பக்கத்து ஊர்களில் ஒருவரும் கையெழுத்திட மாட்டார்கள்.

உசிலை மேற்கு எழுதியது:

அந்த விலக்கை எழுதினால் பாப்பாபட்டியில் முதல் நாளே தீர்மானம் போட்டிருப்பார்கள். எழுதுவதானால், அந்தத் தீர்மானத்தை யார் யார் கூடி எடுத்தார்கள் என்று பார்க்கும் வழியையும் சேர்த்து எழுத வேண்டும்.